அரைப்புள்ளிகளைக் களைய வேண்டும் என்ற விண்ணப்பத்துக்கு மறுமொழி

மழை பருவம் தவறாது பொழிக, எழுதும் கைகள் நோயின்றி வாழ்க. குவளைநாட்டை ஆண்டு விண்ணுலகு ஏகிய வயவேள் மன்னரின் தேவியும், இந்நாள் அவரது அரியணையைக் காப்பவருமான நீலமாதேவியார், அரண்மனை எழுத்து மண்டபத் தலைவர் குமரங்கிழாருக்கு நலம் வினவி விடுக்கும் ஓலை.

மன்னர் நோய்ப்படுக்கையில் சொல்லச் சொல்லத் தேவியார் தம் கையால் எழுதிய போர் வரலாற்றில் அரைப்புள்ளிகள் மலிந்துள்ளன என்றும், ஓலையில் கீறியதை அழிக்க இயலாதாகையால் அவற்றை விடுத்துப் புதுப்படி எடுத்து, பழைய ஏடுகளை மரபின்படி தீயிலிட ஆணை வேண்டும் என்றும் மண்டபத்தார் விண்ணப்பித்தது வந்து சேர்ந்தது.

முதிய எழுத்தர் விடங்கர், அரைப்புள்ளி என்பது உள்ளே வரவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் வாசலை மறிக்கும் விருந்தாளி என்றும், குத்திக் குத்தி ஓலை கிழிந்ததே மிச்சம் என்றும் சொன்னாராம். உடன் எழுதும் மருதங்கூத்தரோ, அது இல்லாத வரி குழம்பில்லாச் சோறுபோல் தொண்டையை அடைக்கும் என்றும், விடங்கர் மனைவியிடம்கூட முற்றுப்புள்ளியிலேயே பேசுபவர் என்றும் சொல்லி மண்டபத்தைச் சிரிக்க வைத்தாராம். விண்ணப்பத்தில் இதைப் படித்தபோது தேவியாருக்கும் சிரிப்பு வந்தது. நெடுநாள் ஆயிற்று அது வந்து.

வாதிட அவருக்கு வலுவில்லை. உண்மையில் அவர் விடங்கர் கட்சி. தம் மடல்களில் அக்குறியை ஒருநாளும் இட்டவரல்லர். ஆனால் நெஞ்சு அடைத்து, நான்கு சொல்லுக்கு ஒருமுறை மன்னர் மூச்சுக்குத் தவித்தபோது, எழுத்தாணியைச் சும்மா வைத்திருக்க மாட்டாமல் அவ்விடத்தில் ஒரு குறி இட்டார். வாக்கியம் முடியவில்லை, இன்னும் பேசுவார் என்று காத்திருந்த இடங்கள் அவை. ஏடு செல்லச் செல்லக் குறிகள் நெருங்குவது அதனாலேயே.

மன்னரின் குரல் இப்போது தேவியாரின் நினைவில் மங்கிவருகிறது. அந்த ஏடுகளை வாய்விட்டுப் படிக்கையில் மட்டும் அது திரும்ப வருகிறது.

ஆதலால் ஆணை இது. புதுப்படி எடுக்கப்படுக, குறிகள் களையப்படுக, அவையில் அதுவே வாசிக்கப்படுக. மன்னர் இளைப்பின்றிப் பேசியதாகவே குடிகள் கேட்கட்டும். பழைய ஏடுகளில் ஒன்றும் தீக்குச் செல்லலாகாது. யாவும் தேவியாரின் அறைக்கு வந்து சேர்க.

கடைசி ஏடு அரைப்புள்ளியோடு நிற்கிறதே, அதன்பின் விடுபட்டது என்ன என்றும் மண்டபத்தார் வினவியிருந்தனர். ஒன்றும் விடுபடவில்லை. படி எடுப்பவர் அங்கே முற்றுப்புள்ளி இட்டுக்கொள்க. தேவியாரால் இயலவில்லை.

ஆம்பல் இலச்சினை பொறித்து விடுத்தது.