பர்மிட் எண் எழுத வேண்டிய இடம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் தம்பியும் நன்றாகத்தான் இருக்கிறோம், உன் இருமல் நின்றதா, உன் வீட்டுக்காரர் உடம்பு எப்படி என்று தெரிந்தால் நிம்மதி. வியாழக்கிழமை நீ போனில், ஒரு ரோஜாதானேம்மா, இன்னொரு குச்சி வெட்டி அனுப்பு என்றாய். குச்சி வெட்ட இங்கே செடி இல்லை என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. நான் அனுப்பியது குச்சியில் வந்த கன்று இல்லை. அப்பா கடைசியாக ஒட்டுக்கட்டிய அந்தச் செடியையேதான் தொட்டியிலிருந்து எடுத்து அனுப்பினேன். வைத்த குச்சிகள் மூன்றும் அழுகிவிட்டன, நீயோ நாலு மாதமாக அப்பா செடி, அப்பா செடி என்று கேட்டுக்கொண்டிருந்தாய், மனசு கேட்கவில்லை.

வெளிநாட்டுக்குப் போகிற செடியில் ஒரு பொட்டு மண் இருக்கக்கூடாது என்பது உனக்குத் தெரியும், பள்ளி விட்டு வந்து நர்சரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தானே. குழாயடியில் வேரை மூன்று தடவை கழுவி, பழைய டூத்பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்து, ஈரப் பாசியில் சுற்றினேன். என்னக்கா, செடியை மாமியார் வீட்டுக்கா அனுப்புற என்று கூட வேலை செய்கிறவள் கிண்டல் பண்ணினாள். சோதிக்க வந்த அதிகாரி லென்ஸை வைத்து இலை இலையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, என் பிள்ளைகூட இவ்வளவு சுத்தமா இருந்ததில்லைம்மா என்றார். ஆனால் இங்கே அவர் தருகிற சான்றிதழ் மட்டும் போதாது, செடி போகிற நாட்டின் பர்மிட்டும் வேண்டும். அதன் எண்ணை எழுதாமல் பதினோரு வருஷத்தில் ஒரு பெட்டியை நான் மூடியதில்லை. பர்மிட் இல்லாமல் மகனுக்குச் செடி அனுப்பக் கேட்டு வந்த ஒரு டாக்டர், நான் முடியாது என்றதும் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டிவிட்டே போனார். நீ, விண்ணப்பிச்சாச்சும்மா, செடி வர்றதுக்குள்ள கைக்கு வந்துடும், அனுப்பு என்றாய். அதிகாரி படிவத்தில் பர்மிட் எண் எழுத வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் கேட்டபோது, வந்துடும் சார், பொண்ணு பார்த்துக்குவா என்றேன். என் வாய்ச்சொல்லை நம்பி முத்திரை வைத்தார்.

பெட்டி கிளம்பி ஒன்பது நாள் கழித்துத்தான் விண்ணப்பித்தேன் என்று இப்போது சொல்கிறாய். பர்மிட்டைக் காட்டு, இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய், பத்து நாள் அவகாசம் என்று அங்கே செடியைத் தடுத்து வைத்த அலுவலகம் உனக்குக் கடிதம் போட்டிருக்கிறது. ஏதோ விளம்பரம் என்று பிரிக்காமல் பிரிட்ஜ் மேல் போட்டுவிட்டாயாம். பதினோராம் நாள் செடியை எரித்துவிட்டார்கள். உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் டிக்கெட் போட்டாச்சும்மா என்றுதான் சொன்னாய், அதையும் நம்பி அவரிடம் சொன்னேன், அவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் தப்பும் இருக்கிறது, எண் இல்லாமல் பெட்டியை மூடியது என் கைதான். நர்சரியில் இனிமேல் வெளிநாட்டுப் பெட்டிகளுக்கு நான் கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், இப்போது பைகளில் மண் நிரப்புகிறேன். தம்பிக்குத் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே.

வெந்நீரே குடி. வருகிற கவர்களை அன்றன்றைக்கே பிரித்துப் பார். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதை மட்டும் எந்தக் கோபத்திலும் நான் மாற்றி நினைத்ததில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது நீ கூப்பிட்டாய். பர்மிட் வந்துவிட்டதாம், ஒரு ரோஜாச் செடிக்கு, ஒரு வருஷம் செல்லுமாம். சரிம்மா என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.