மூன்று வருடப் பத்திரம்

ஷார்ஜா

அன்புள்ள பேட்ரிசியா,

நான் நல்ல சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? எல்.கே.ஜி. சேர்ந்த ஜூட் இப்போதாவது ஸ்கூல் வேனில் அழாமல் ஏறுகிறானா?

நம் சேமிப்பில் அரசாங்கக் கடன் பத்திரம் வாங்கிவிட்டேன்! நாமினி நீதான். போன வாரம் கம்பெனியில் பன்னிரண்டு பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். என் பெயர் இல்லை, பயப்படாதே. அப்போதுதான் இந்த யோசனை வந்தது. எனக்கு வேலை இருந்தாலும் போனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி வந்துவிடும்.

பத்து வருடப் பத்திரத்துக்கு வட்டி கூடுதல் என்று அதைத்தான் வாங்கப் போனேன். ரூமில் கூட இருக்கும் ஆஸ்டின் எட்டிப் பார்த்து, "அதுவரைக்கும் இங்கயேவா இருக்கப் போறீங்க?" என்று கேட்டார். உடனே மூன்று வருடத்துக்கு மாற்றிவிட்டேன். வட்டி குறைவுதான், கோபித்துக்கொள்ளாதே. போட்ட பணம் 2029 ஜூனில் திரும்ப வரும். அதில் திருவானைக்காவலில் ஏசி ரிப்பேர் கடை போடலாம்.

ஜூட்டைச் சுவரோரம் நிறுத்தி, தலைக்கு மேல் கோடு போட்டு, போட்டோ அனுப்பு. வீடியோ காலில் முகம்தான் தெரிகிறது, உயரம் தெரியவில்லை.

டூட்டி பஸ் ஹாரன் அடிக்கிறது. வேன் டிரைவரிடம் இப்போதே சொல்லி வை: 2029 ஜூனில் ஜூட் இரண்டாம் வகுப்புக்குப் போகும் முதல் நாள் வேன் வேண்டாம். நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன்
பிலோமின்ராஜ்