எயினிக்கு மும்முறை ஊட்டிய மருந்தும் தோயனார் விடுதலையும்

செவ்வரை மலைக்கும் வெள்ளலைக் கடலுக்கும் இடைப்பட்ட நிலமெல்லாம் ஒரு குடைக்கீழ் நிறுத்திய பெருவிறல் இளவேட்டனார் திருமுன்னிருந்து, அவர் ஆணைப்படி, அவருடைய அமைச்சன் காவிதி அந்துவன் தன் கையால் எழுதிய ஓலை. வெள்ளலைப் பட்டினம் காக்கும் ஏனாதி தாமனார் காண்க. தங்கள் துறையில் கலங்கள் சேதமின்றி அணைக. தங்கள் மதில்மேல் நிற்போர் நோயின்றி நிற்க. தங்கள் இல்லத்தார் அனைவரும் நீடு வாழ்க.

வாழ்த்துரை நீள்வதற்கு நேரமில்லை. தங்கள் கோட்டைச் சிறையில் விலங்கிட்டு வைக்கப்பட்டிருக்கும் மருத்துவர் தோயனார், தங்கள் தங்கையும் என் மனைவியுமான எயினியைக் கொன்றவரல்லர். வரும் முழுமதி நாளில் அவரைக் கழுவேற்றுமாறு தாங்கள் பிறப்பித்த ஆணையை அரசர் இவ்வோலையால் நீக்கியிருக்கிறார். இதைப் படித்துக் காட்டுகிறவர் இவ்விடத்தில் நின்று, உடனே ஆளனுப்பி அச்செயலைத் தடுத்துவிட்டு, அதன் பிறகே மேலே படிக்க.

எயினி நஞ்சால் இறந்தாள் என்று தாங்கள் சொன்னீர்கள். இறந்த மூன்றாம் நாள் பட்டினத்திலிருந்து மாமுகட்டூருக்கு வந்து இறங்கி, நீலம் பாய்ந்த அவள் உதடுகளையும் நகங்களையும் கண்டவுடனே சொன்னீர்கள். தாங்கள் கண்டது பொய்யன்று. ஊட்டிய கையைத்தான் தாங்கள் பிறழ அறிந்தீர்கள். அக்கைகள் இரண்டு. ஒன்று அவளை வளர்த்த செவிலி கோளியினுடையது. மற்றொன்று என்னுடையது.

நடந்ததை ஒளியாமல் எழுதுகிறேன். கொற்றவை கோயில் படியில் வழுக்கி விழுந்து எயினியின் இடுப்பெலும்பு முறிந்ததைத் தாங்கள் அறிவீர்கள். தோயனார் வந்து கட்டுப்போட்டார். வலி தணிய அபினி சேர்த்த இளகம் ஒன்றைச் சிறு வெண்கலச் சிமிழில் கொடுத்தார். அதன் கசப்பு மறையத் தேன் கலந்திருந்தது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, சிமிழோடு வைத்த எலும்புக் கரண்டியால் ஒரு கரண்டி, அதற்கு மேல் வேண்டாம் என்றார். கொடுப்பவர் ஒருவராகவே இருக்கவேண்டும் என்றார். கொடுக்குந்தோறும் சிமிழின் கழுத்திலுள்ள கயிற்றில் ஒரு முடிச்சுப் போடவேண்டும் என்றார். வலி அடங்காவிட்டால் கூடுதலாகக் கொடுக்காமல் தம்மை அழைக்கவேண்டும் என்றும், அவள் உண்ணும் வேறு மருந்து எதுவாயினும் தமக்குச் சொல்லவேண்டும் என்றும் இருமுறை சொன்னார். அப்போது என் எதிரில் எழுத்தன் எல்லைக்காவல் ஓலையை விரித்துப் பிடித்திருந்தான். நான் அதில் கண் வைத்துக்கொண்டு, "ஆகட்டும், ஆகட்டும்" என்றேன்.

ஐந்து நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கோளியே கொடுத்தாள், கோளியே முடிச்சிட்டாள். ஆறாம் நாள் காலையில் கொடுத்ததற்குப் பிறகு கட்டு நெகிழ்ந்து, எயினி பொறுக்கமாட்டாமல் அலறினாள். வெயில் ஏறுமுன் கோளி இரண்டாம் முறை கொடுத்தாள். மருத்துவர் சினப்பார் என்று அஞ்சி முடிச்சிடவில்லை. நண்பகலில் நான் அவையிலிருந்து திரும்பினேன். கோளி கஞ்சி காய்ச்சப் போயிருந்தாள். எயினி என் கையைப் பற்றிக்கொண்டு, "தாங்க முடியலைங்க, ஏதாவது கொடுங்க" என்றாள். நான் கயிற்றைப் பார்த்தேனல்லேன். பார்த்திருந்தாலும் அது உண்மை சொல்லியிராது. கோளியைக் கூப்பிட்டு ஒரு சொல் கேட்டேனல்லேன். எலும்புக் கரண்டி கைக்கு அகப்படாததால் விரலால் வழித்து ஊட்டினேன். அது போதாதென்று, சென்ற ஆண்டு கலவணிகன் ஒருவன் எனக்குக் கொடுத்து, நான் பாதி உண்டு பெட்டியில் போட்டுவைத்திருந்த தூக்கத்தூளையும் பாலில் கலந்து புகட்டினேன். அந்தப் பொட்டலத்தின்மேல் பெயர் இல்லை, அளவு இல்லை. எனக்கு நன்மை செய்த மருந்து அவளுக்கும் செய்யும் என்றிருந்தேன்.

அவள் உறங்கினாள். உரக்கக் குறட்டை விட்டாள். பல நாளாகக் கண்மூடாதவள் இன்று அயர்ந்து தூங்குகிறாள் என்று மகிழ்ந்து, வாயிற்காவலரை அழைத்து, முற்றத்தில் எவரும் ஓசை எழுப்பவேண்டாம் என்று பணித்தேன். ஏனாதியாரே, அந்தக் குறட்டை மூச்சு அடைபடும் ஓசை. அதை இப்போது அறிவேன். அறிந்த ஒருவர் அன்று அவ்வழியே போயிருந்தாலும், என் காவலர் அவரை வாய்மூடிப் போகச் சொல்லியிருப்பார்கள். குறட்டை நின்றபோதும் நான் நன்மையென்றே எண்ணினேன். விளக்கேற்றும் வேளையில் கோளி கஞ்சியோடு எழுப்பச் சென்று, அவள் கால் குளிர்ந்திருக்கக் கண்டாள்.

தாங்கள் வந்தீர்கள். சிமிழைக் கேட்டீர்கள். கோளி காணவில்லை என்றாள். மருத்துவரே சான்றை மறைத்தார் என்று தாங்கள் கொண்டீர்கள். தோயனாரை அவர் வீட்டு வாயிலிலிருந்து தங்கள் வீரர் இழுத்துவந்தபோது, அவர் என்னை நோக்கி, "ஐயா, யார் கொடுத்தீங்க, எத்தனை தடவை கொடுத்தீங்கன்னு மட்டும் விசாரிங்க" என்றார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நான் கோளி இரண்டாம் முறை கொடுத்ததை அறியேன். என் ஒரு விரலளவு ஒருவரைக் கொல்லாது என்றே நம்பினேன். ஆயினும் கேட்டிருக்கலாம். நான் கேளாததற்குக் காரணம், என் கை ஊட்டியதைப் பற்றிப் பேச்சு எழுவதைவிட, வேறொருவர் குற்றவாளியாக இருப்பது எனக்கு எளிதாயிருந்ததே.

பன்னிரண்டு நாள் சென்றன. கோளிக்குப் பூவை என்னும் மூன்று வயதுப் பேர்த்தி ஒருத்தி உண்டு. எயினி இருந்த காலத்தில் அக்குழந்தை கட்டிலருகே விளையாடும். மருந்துண்ண முகம் சுளிக்கும் எயினியைத் தேற்றக் கோளி, "கற்கண்டுப் பாகு அம்மா, வாயைத் திறங்க" என்று சொல்வதை அது நாள்தோறும் கேட்டிருந்தது. அஞ்சி மறைத்த சிமிழைக் கோளி அடுக்களை மாடக்குழியில், வெல்லப் பானைக்குப் பின்னே வைத்திருந்தாள். காலையில் அவள் நீர் முகக்கச் சென்ற நேரத்தில் குழந்தை பானைமேல் ஏறிச் சிமிழை எடுத்துப் பாகென்று நக்கியிருக்கிறது.

கோளியின் கூக்குரல் கேட்டு நான் ஓடினேன். குழந்தை தரையில் கிடந்தது. குறட்டை விட்டது. உதடு நீலமாகத் தொடங்கியிருந்தது. கண்ணிமையை விலக்கிப் பார்த்தேன், கருவிழியின் நடுப்புள்ளி ஊசிமுனைபோல் சுருங்கியிருந்தது. எயினியைக் கண்டதுபோலவே இருந்தது. தோயனார் தங்கள் சிறையில் இருக்கையில் அதே நஞ்சு என் அடுக்களையில் இருந்தது.

அருகில் வேறு மருத்துவர் இல்லை. தோயனாரின் மகள் குறுங்கோதை தந்தையிடம் கற்றவள். ஆள் அனுப்பினேன், வருவாள் என்று நம்பாமலே அனுப்பினேன். அவள் தலைமுடியும் கட்டாமல் ஓடிவந்தாள். என்னை வணங்கவுமில்லை, வையவுமில்லை. "என்ன தின்னுச்சு? அந்தப் பாத்திரத்தைக் கொண்டாங்க, கழுவிடாதீங்க. எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டுக்கொண்டே குழந்தையின் தாடையை மேலே தூக்கினாள். கோளி வாயில் உப்புநீர் ஊற்றப் போனாள். "ஊத்தாதீங்க! மூச்சுல போயிடும்!" என்று அவள் கையைத் தட்டிவிட்டாள். பின்னர்க் குழந்தையின் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, தன் மூச்சை ஊதினாள். சிறு மார்பு எழுந்து தாழ்ந்தது. மீண்டும் ஊதினாள்.

ஊதுவதற்கிடையே, தலை நிமிராமல், கோளியைக் கேட்டாள்: "அன்னைக்கு அம்மாவுக்கு எத்தனை தடவை கொடுத்தீங்க?"

கோளி தரையில் விழுந்தாள். "ரெண்டு தடவை, தாயே. வலியில துடிச்சாங்க. அடிப்பாங்கன்னு பயந்து சொல்லலை."

குறுங்கோதை குழந்தைக்கு மூச்சூதிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஐயா, நீங்க?"

"ஒரு தடவை," என்றேன்.

"எந்த அளவு?"

"விரலால் எடுத்தேன்."

"வேற ஏதாச்சும்?"

"என் தூக்கத்தூள். பாலில்."

அவள் முகத்தில் ஏதேனும் சினம் தோன்றியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் மீண்டும் குழந்தையின்மேல் குனிந்தாள். உச்சிப்பொழுது சாயும்வரை ஊதினாள். அவள் களைத்தபோது எனக்குக் கற்பித்து என்னையும் ஊதச்செய்தாள். எயினிக்கு ஊட்டிய அதே கையால் அக்குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்து, நானும் ஊதினேன். மாலையில் குழந்தை தானே மூச்சிழுத்து இருமியது, அழுதது. அதன் அழுகை கேட்டுக் குறுங்கோதை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முதன்முறையாகத் தன் தந்தையைப் பற்றிக் கேட்டாள்: "முழுமதிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

மறுநாள் அவைக்குச் சென்று, முத்திரை மோதிரத்தைக் கழற்றி அரசர் திருவடியில் வைத்து, அனைத்தையும் உரைத்தேன். அரசர், எனக்குரிய தண்டனையைத் தாம் பிறகு ஆய்வதாகவும், அதற்குமுன் நடந்ததை நடந்தவாறே நானே எழுதவேண்டும் என்றும், எழுதியது நாட்டின் ஒவ்வோர் ஊர் மன்றத்திலும் உரக்கப் படிக்கப்படவேண்டும் என்றும் பணித்தருளினார். மோதிரம் அவரிடமே இருக்கிறது. இவ்வோலையில் உள்ள முத்திரை அரசருடையது.

இனி அரசர் ஆணை. ஒரு வீட்டில் ஒரு நோயாளிக்கு மருந்து கொடுப்பவர் ஒருவரே ஆகுக. அவர் வெளியே செல்ல நேர்ந்தால், இன்ன வேளை இவ்வளவு கொடுத்தேன் என்று அடுத்தவரிடம் வாயால் சொல்லி, கேட்டவர் அதைத் திரும்பச் சொன்ன பிறகே செல்க. அளவு மருத்துவர் கொடுத்த கரண்டியாலன்றி விரலாலோ கண்மதிப்பாலோ எடுத்தலாகாது. கரண்டி காணாவிட்டால் கரண்டியைத் தேடுக. ஒருவருக்குக் கொடுத்த மருந்தை, நோய் ஒன்றே போலத் தோன்றினும், மற்றவர் உண்ணலாகாது. யாருக்கு, எதற்கு, எப்போது கொடுத்தது என்று பொறிக்கப்படாத சிமிழும் பொட்டலமும் எந்த வீட்டிலும் இருத்தலாகாது. நோய் தீர்ந்தபின் எஞ்சியதை மருத்துவரிடமே திருப்பிக் கொடுக்க. வெல்லமும் தேனும் இருக்கும் இடத்தில் மருந்தை வைத்தலாகாது. பூட்டுள்ள பெட்டியில் வைக்க, பெட்டி உயரத்தில் இருக்க. குழந்தை கேட்க எவரும் மருந்தைப் பாகென்றோ பண்டமென்றோ சொல்லலாகாது. மருந்துண்டவர் எழுப்பியும் எழாமல் குறட்டை விட்டால் அதை உறக்கமென்று விட்டுவிடாமல், சிமிழைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுக.

தவறாக ஊட்டியவர் எவராயினும், ஊட்டியதை அப்பொழுதே சொன்னால், அவரை அடிப்பதும் விலக்குவதும் வைவதும் இந்நாட்டில் குற்றமாகும். கோளி அஞ்சியதால் ஒரு நாள் முழுவதும் போயிற்று. எயினி அந்த நாளுக்குள் இறந்தாள். கோளிக்குத் தண்டனை இல்லை. அவள் என் வீட்டிலேயே இருக்கிறாள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

ஏனாதியாரே, தோயனாரின் விலங்கைத் தாங்களே தங்கள் கையால் கழற்றுக. இவ்வோலை பிந்தி வந்து, அவர் உயிரோடு இல்லையாயின், தூதனைத் திருப்பியனுப்பி எனக்குச் சொல்லுக. குறுங்கோதையிடம் அதைச் சொல்லும் கடமையை வேறெவருக்கும் விடமாட்டேன். என்மீது தங்களுக்கு எழும் சினம் முறையானதே. அதை நான் தடுக்கவும் மாட்டேன், தவிர்க்கவும் மாட்டேன்.

பெருவிறல் இளவேட்டனார் ஆட்சியாண்டு பதினேழில், வளர்பிறை ஒன்பதாம் நாள், மாமுகட்டூர் அரண்மனையில் எழுதி, அரசர் முன் படிக்கப்பட்டு, முத்திரையிடப்பட்டது. இதில் ஒரு சொல் கூட்டப்படவுமில்லை, குறைக்கப்படவுமில்லை. மன்றங்கள் கேட்க. கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தம் பெட்டிகளைத் திறந்து பார்க்க.

*

ஓலையின் மறுபுறத்தில், ஏனாதி தாமன் எழுதித் திருப்பியது:

வளர்பிறை பன்னிரண்டாம் நாள் ஓலை வந்தது. நிற்கச் சொன்ன இடத்தில் நின்று ஆளனுப்பினேன். தோயனார் உயிரோடு இருக்கிறார். விலங்கு உராய்ந்து இடக்கை மணிக்கட்டு புண்ணாகியிருக்கிறது, அக்கையின் விரல்கள் இனி மடங்கா என்கிறார்கள். நானே கழற்றினேன். உம்மை நான் மன்னிக்கவில்லை, என்னையும் மன்னிக்கவில்லை. ஓலை முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். எயினியைப் பற்றிப் படித்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். முடித்தபின் ஒன்றே ஒன்று கேட்டார். அதற்கு விடையை விரைந்து எழுதியனுப்புக: "அந்தக் குழந்தை இப்போ கூப்பிட்டா திரும்பிப் பாக்குதா?"