உம்மாவின் வலது முழங்கை

என்ட உம்மாவுக்கு,

இன்று ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு மணி இருபது நிமிஷம். நீங்கள் மௌத்தாகி முப்பத்து மூன்று நாள். இதற்குள் நான் ஒரு தடவையும் அழவில்லை. ஊரில் கேட்கிறார்கள், அதனால் உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

கற்பிட்டியில் காற்று தொடங்கிவிட்டது. ஐஸ் பெக்டரியில் இரண்டாவது கம்ப்ரஸரை மாற்றிவிட்டோம். வேலைக்குப் போகிறேன், வருகிறேன். தின்ன ஒரு இறாத்தல் பாண் வாங்கினால் இப்போது எனக்கு இரண்டு நாளைக்குப் போதும்.

உங்களுக்கு வந்திருப்பது பார்க்கின்சன் என்று டொக்டர் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "திருத்த எத்தின நாள் எடுக்கும்?" நீங்கள் என் கையைத் தட்டி, "மெஷின் வேல செய்யிற புள்ள டொக்டர், எல்லாத்தையும் அப்பிடித்தான் கேப்பான்" என்றீர்கள். தட்டிய கை அப்போதே நடுங்கியது.

அந்தக் கையால்தான் காலையில் என் வேலைச் சட்டைக்குப் பொத்தான் போட வருவீர்கள். ஒரு பொத்தானுக்கு நாலு நிமிஷம்.

"விடுங்க உம்மா, பஸ் போயிரும்."

"வாப்பா மௌத்தான நாள்ல இருந்து நான்தான் ஒனக்குப் போடுறன். பஸ்ஸ நிக்கச் சொல்லு."

நின்ற பஸ்ஸும் உண்டு, போன பஸ்ஸும் உண்டு. போன நாட்களில் உங்களோடு கதைக்காமல் வெளிக்கிட்டிருக்கிறேன்.

உங்கள் தங்கை சாச்சி புத்தளத்துக்குக் குடிபோன பிறகு உங்களைக் குளிப்பாட்ட வேறு ஆள் இல்லை. முதல் நாள் நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போர்த்திய துணிக்கு மேலாகவே தண்ணீர் ஊற்றினேன். அடுத்த நாள் நீங்களே ஒரு வழி சொன்னீர்கள்.

"பெக்டரிக் கதையச் சொல்லு. நீ வாய மூடினா எனக்கு வெக்கமா இரிக்கி."

அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றும் நேரம் முழுக்க அடைத்த வால்வு, கசிந்த குழாய், நின்றுபோன மோட்டர்.

"நிண்டா என்ன செய்வீங்க?"

"ஒரு தட்டுத் தட்டுவம்."

"என்னையும் தட்டிப் பாரன், சில நேரம் ஓடும்."

கடைசி ஒன்றரை வருஷம் உங்கள் வலது முழங்கை தொண்ணூறு பாகையில் இறுகிவிட்டது. இழுத்தால் விரியாது, நோகும். தோளுக்குக் கீழே ஒரு கை கொடுத்து, மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்து, நெஞ்சோடு சேர்த்துத்தான் அசைக்க வேண்டும். இது எனக்கு மட்டும் தெரிந்த வேலை.

கடைசிப் புதன்கிழமை காலை ஒரு வாளி சுடுதண்ணீர் முடிந்ததும், "இன்னொண்டு" என்றீர்கள். பெக்டரியில் இருந்து மூன்று போன் கோல் வந்திருந்தது. "நாளைக்கு ரெண்டா ஊத்துறன்" என்று சொல்லித் துடைத்துவிட்டுப் போனேன். வியாழன் சுபஹுத் தொழுகைக்கு எழுப்ப வந்தபோது நீங்கள் இல்லை.

பெண்கள் வந்தார்கள். ராஹிலா ராத்தாதான் முன்னுக்கு. நம் பக்கத்தில் மௌத்தாகும் பெண்களின் ஜனாஸாவை அவர்தானே குளிப்பாட்டுகிறவர். "தம்பி, நீங்க வெளிய நில்லுங்க. இனி நாங்க பாத்துக்கொள்ளுவம்" என்றார். முறை அதுதான். திரையைக் கட்டினார்கள். நான் இந்தப் பக்கம் கதிரையில் இருந்தேன்.

உள்ளே யாரோ சொல்வது கேட்டது. "இந்தக் கை நீளுதில்லயே. கொஞ்சம் அழுத்திப் புடிங்க."

எழும்பி, திரையைப் பார்த்துச் சொன்னேன். "வலது கைய இழுக்காதீங்க. உம்மாக்கு நோகும்."

இனி என்ன நோவு என்று யாராவது கேட்டிருந்தால் திரையைப் பிய்த்திருப்பேன். ராஹிலா ராத்தா கேட்டது வேறு. "சரி தம்பி, இழுக்கல்ல. எப்பிடிப் புடிக்கணும், சொல்லுங்க."

தோளில் தொடங்கிச் சொன்னேன்.

"திருப்பும்போது தலைக்கு ஒரு ஆள் வேணும்."

"ஓம், புடிச்சிட்டம்."

"முழங்கால் ரெண்டுக்கும் நடுவுல துணி வைங்க."

"வெச்சாச்சி. அடுத்தது?"

மெஷின் பூட்டச் சொல்லிக்கொடுக்கிறவன் போலத்தான் பேசினேன். வேறு விதமாகப் பேச வரவில்லை. கபன் துணிக்குள்ளும் உங்கள் கை மடங்கியபடியே போனது. ஊற்றிய தண்ணீரைச் சத்தத்தை வைத்து எண்ணினேன். நீங்கள் கேட்ட அந்த இன்னொரு வாளி அதற்குள் வந்துவிட்டதா? வந்திருந்தாலும், அதை நான் ஊற்றவில்லையே.

ஒரு கிழமை கழித்து ராஹிலா ராத்தா வாசலுக்கு வந்தார். "இப்ப நெறய ஆக்கள் வருசக்கணக்காப் படுக்கையில கெடந்துதான் மௌத்தாகிறாங்க. நாங்க இவ்வளவு நாளும் இழுத்துத்தான் நீட்டி வெச்சம், அல்லாஹ் மன்னிக்கணும். ஒரு நாள் வந்து எங்களுக்குக் காட்டித் தாங்க."

"என்ட உம்மா பாடப் புத்தகம் இல்ல" என்று சொல்லி, வாசல் கேற்றை மூடினேன்.

கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். "கோவமா இருங்க, பரவாயில்ல. மடங்கின கையோட அடுத்த ஆள் வருமுன்ன வந்தாப் போதும்."

நேற்று எனக்குப் போன் எடுத்தார். பள்ளிவாசல்துறையில் ஒரு பெண், நாலு வருஷமாகப் படுக்கை, இரண்டு கையும் இறுகிவிட்டதாம். "இன்னும் உசிரோடதான் இரிக்கிறா. நான் ஒண்டும் அவசரப்படுத்தல்ல" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

நேற்றிலிருந்து யோசிக்கிறேன், உம்மா. துஆவுக்குக் கை ஏந்தினால் நாக்கு ஓடுகிறதில்லை. அந்த வாளியைத் திருப்பி ஊற்றவும் முடியாது. செய்யத் தெரிந்ததைச் செய்யப் போகிறேன்.

1. இதை எழுதி முடித்ததும் ராஹிலா ராத்தாவுக்குப் போன் எடுத்து, கேற்றை மூடியதற்கு மன்னிப்புக் கேட்பேன். வருகிறேன் என்றும் சொல்வேன்.

2. வியாழன் அஸர் தொழுதுவிட்டு அவர் வீட்டுக்குப் போவேன். பெண்கள் உள்ளே இருக்கட்டும், நான் வாசலில் இருந்து சொல்வேன். போனை நிறுத்தி வைப்பேன். கடைசி ஆளுக்கும் கை பழகும்வரை எழும்ப மாட்டேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

3. அதற்கு முன்னால், நாளைக்கு, பிவிசி குழாய் இரண்டு துண்டும் ஒரு கதவுப் பிணைச்சலும் வாங்கி, அவர்கள் பிடித்துப் பழக ஒரு வலது கை செய்வேன். தொண்ணூறு பாகைக்கு மேல் விரியாதபடி ஆணி வைப்பேன். தோளில் இருந்து முழங்கைக்கு முப்பது சென்ரிமீற்றர். முழங்கையில் இருந்து மணிக்கட்டுக்கு இருபத்துநாலரை. அளக்க டேப் எடுக்கத் தேவையில்லை.

உங்கள் ஒரே மகன்