மேல்தளபதிக்கு யார் விடுப்பு கொடுப்பது?

நம் கதையில் பாதியை எழுதிய ஷமீமாவுக்கு,

நீ போய்ப் பதினொரு மாதம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்குத் திட்டிக்கொள். இப்போது வியாழக்கிழமை பிற்பகல். அஸ்தம்பட்டியில் என் மாமியார் வீட்டு மாடியறையில் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் உனக்குத் தெரியாத செய்தி: எனக்கு ஒரு பெண் பிறந்திருக்கிறாள். ஒன்பது மாதம். பெயர் இனியா. உன்னைப் போலவே, பேசுகிறவர் வாயையே உற்றுப் பார்க்கிறாள்.

போன வாரம் உன் அம்மா போன் செய்தார்கள். செவ்வாய்ப்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு உன் அண்ணனோடு கோயம்புத்தூருக்குப் போகிறார்களாம். சனிக்கிழமை விடிந்ததும் வண்டி வருகிறது. "நீங்க ரெண்டு பேரும் எழுதுன நோட்டு நாலு இருக்கும்மா. அவ பீரோவுல துணிக்கு அடியில வெச்சிருந்தா. குடுத்தனுப்ப மாட்டேன், நீயே வந்து வாங்கிட்டுப் போ" என்றார்கள். பிறகு சொன்னார்கள்: "அன்னிக்கு நீ வரலேன்னு எனக்குக் கோவமில்ல. ஆனா ஒரு தடவ உம் மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறேன்."

ஆமாம், உன்னைக் கடைசியாகப் பார்க்க நான் வரவில்லை. மூன்று நாள் காய்ச்சலில் நீ போனபோது எனக்கு ஏழு மாதம். வயிற்றுப்பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்றுதான் இதுவரை கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லி வந்தேன். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? யாரும் என் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. எனக்கே பயமாக இருந்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். என் இடத்தில் நீ இருந்திருந்தால் வந்திருப்பாயா?

அந்த நோட்டுகளை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. இயற்பியல் வகுப்பின் கடைசி பெஞ்சில் நாம் ஆரம்பித்து வைத்த ஏழு சூரியப் பேரரசு! ஒரு அத்தியாயம் நீ, ஒரு அத்தியாயம் நான். நீ ஆளை ஆபத்தில் மாட்டிவிட்டு நோட்டைத் தள்ளுவாய். காப்பாற்றுவது என் வேலை. அந்தப் பேரரசின் விண்கப்பல்களில் ஒரு படை உண்டு. கிரகம் கிரகமாக இறங்கிச் சண்டை போடும் படை. அதில் பெரிய பதவி மேல்தளபதி. பதவிக்கு அடையாளமாகத் தோளில் நட்சத்திரம் வைக்கலாம் என்றேன் நான். நீ காலில் வெள்ளிக் கொலுசை மாட்டிவிட்டாய்.

"படை அதிகாரிக்குக் கொலுசா புள்ள?"

"கொலுசுப் பட்டறைக்கு நடுவுல பொறந்த செவ்வாய்ப்பேட்டக்காரி எழுதினா கொலுசுதான்டி வரும். அவ நடந்து வர்ற சத்தம் கேட்டே மூவாயிரம் பேரும் எந்திரிச்சு நிக்கணும்."

சட்டத்தை எழுதியது நான். மேல்தளபதி கப்பலை விட்டு இறங்கக் கூடாது. சிப்பாய் இறங்கலாம், சமையல்காரர்கூட இறங்கலாம். யார் எப்போது இறங்கலாம் என்று பார்த்துக் கதவைத் திறந்துவிடுவது அவள். எல்லோருக்கும் அவள் விடுப்பு கொடுப்பாள்; அவளுக்குக் கொடுக்க மேலே ஆள் கிடையாது. நீ படித்துவிட்டு, "இதென்னடி பதவி, ஆயுள் தண்டனைக்குச் சம்பளம் குடுக்குற மாதிரி?" என்றாய். எனக்கு அது கம்பீரமாகத் தெரிந்தது.

இனியாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு நாள் நான் குளிக்கப் போயிருந்தேன். மாமியார் மடியில் இருந்தவளுக்குப் பால் புரையேறிவிட்டது. அவர்களே குப்புறப் போட்டு முதுகில் தட்டிச் சரி செய்துவிட்டார்கள். ஈரத்தலையோடு நான் ஓடிவந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் உதடு நீலமாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா? அன்றிலிருந்து அவளை விட்டு நான் எங்கும் போனதில்லை.

சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். எத்தனை மணிக்குக் கஞ்சி, எவ்வளவு சூடு, எந்தத் துணியால் துடைப்பது, எந்தப் பக்கம் படுக்க வைப்பது. வீடே இப்போது அந்தத் தாளைப் பார்த்துத்தான் நடக்கிறது. மாமியார், "தண்ணி ஊத்தட்டுமா சாமி?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் பேத்தியைத் தொடுகிறார்கள். என் கணவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையிலிருந்து வந்தால் வாசலிலேயே நின்றுகொள்வார்.

"ஏனுங்க மேடம், உள்ள வரலாமுங்களா? கை கழுவிட்டனுங்க. காலுங் கழுவிட்டனுங்க. இன்னும் எதாச்சும் பாக்கி இருந்தாச் சொல்லிப்போடுங்க."

"சட்டைய மாத்துங்க" என்பேன், சிரிக்காமல். ஒரு நாள் அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பியபோதுதான் உறைத்தது. நான் பதவிக்கு வந்துவிட்டேன், ஷமி.

உன் அம்மாவைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். தடுப்பார்கள், சண்டை வரும் என்று பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். மாமியார் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். "போய்ட்டு வா சாமி. புள்ளயப் பறிகுடுத்தவ கூப்புடறா, போகாம இருக்கலாமா? இவள நான் பாத்துக்கறேன்." ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டாவது திருப்பத்தைத் தாண்டவில்லை.

"அண்ணா, வண்டியத் திருப்புங்க."

"ஏனுங்க, எதையாச்சும் மறந்துட்டிங்களா?"

"கொழந்தய."

"கொழந்தயத்தான் பெரியம்மா இடுப்புல பாத்தனுங்களே, டாட்டாவெல்லாங் காமிச்சுது!"

அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். திருப்பிவிட்டார்.

கேட்டருகில் மாமியார் அதே இடத்தில் நின்றிருந்தார்கள். இனியா பாட்டியின் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அழவும் இல்லை, தாவவும் இல்லை. "ஏஞ்சாமி, அஞ்சு நிமிசங்கூட ஆகலியே?" என்றார்கள். அப்புறம் கோபமே இல்லாமல், "எம் மவனையும் நாந்தான் வளத்தேன். ஒடஞ்சா போயிட்டான்?"

கதவு திறந்துதான் இருக்கிறது. யாரும் பூட்டவில்லை என்று தெரிந்தால் மூச்சு விட முடியும் என்றுதானே நினைப்போம்? முடியவில்லை. பூட்டியவர் ஒருவர் இருந்தால் அவரிடம் கெஞ்சலாம், சண்டை போடலாம், அவர் தூங்கும்போது சாவியை எடுக்கலாம். சாவி என் இடுப்பில் அல்லவா இருக்கிறது?

நம்முடைய ஒரே சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். கடைசி நோட்டில் நீ மேல்தளபதியை ஒரு மனு எழுத வைத்தாய். 'என் பதவியைக் குறைத்து என்னைச் சிப்பாயாக்கும்படி வேண்டுகிறேன். நான் மண்ணை மிதிக்க வேண்டும்.' நான் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, ஓரத்தில் 'கோழை' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் நீ பேசவில்லை. பேசிய பிறகும் நோட்டைத் தரவில்லை. அப்புறம் பரீட்சை, என் கல்யாணம். கதை அங்கேயே நின்றுவிட்டது. அந்தச் சொல்லையா இத்தனை வருடம் துணிக்கு அடியில் வைத்திருந்தாய்? உன் அம்மா அதைப் படித்திருப்பார்களா? அவர்கள் முகத்தைப் பார்க்க அதுவும் ஒரு பயம்.

சமையலறைத் தாளைக் கிழித்துப் போட்டேன் என்று உனக்கு எழுத ஆசைதான். கிழிக்கவில்லை. ஆனால் இன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் மாமியாரிடம், "அத்தே, இவளத் தூக்கிட்டு எங்கியாச்சும் போய்ட்டு வாங்க. எங்கேன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க" என்றேன். அவர்கள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள், காய்ச்சல் அடிக்கிறதா என்று. பிறகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். கேட் சாத்தும் சத்தம் கேட்டபோதுதான் இந்தக் கடிதத்தின் முதல் வரியை எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆகிறது. நான்கு தடவை எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். தெருவில் யாரும் இல்லை. என் கையெழுத்து கோணுவது உனக்குத் தெரிகிறதா? தெரிந்தாலும் கிண்டல் செய்யாதே. இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை. விட்டால் வேறு நாள் இல்லை. உன் அம்மாவுக்கு என் முகத்தைக் காட்டுவேன். அந்தச் சிவப்புக் கோட்டை அடித்தது நான்தான் என்று நானே சொல்வேன், அவர்கள் கேட்பதற்கு முன்னால். ஆட்டோவில் வர மாட்டேன், ஷமி. ஆட்டோ நான் சொன்னால் திரும்பிவிடும். காலை பத்தரைக்குக் கூட்டத்தோடு கூட்டமாக டவுன் பஸ்ஸில் ஏறி நிற்பேன். அங்கே நான் எவ்வளவு கத்தினாலும், எவ்வளவு அழுதாலும், எனக்காக யாரும் பஸ்ஸைத் திருப்ப மாட்டார்கள்.

இனியாவின் அம்மா,
உனக்கு மூன்று மாதம் மூத்த அக்கா,
ரேவதி