கரடிக்குப் பக்கத்தில் பென்குயின்

14.7.2025, திங்கள்

இன்று குன்னம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பள்ளியில்தான் கிடைக்கவில்லை. தலைமையாசிரியர் நாற்காலியைச் சொல்கிறேன். விலங்கியலில் எம்.ஃபில். முடித்து, இருபத்தாறு வருடம் பாடம் நடத்திய நான் இன்னும் ஏழாம் வகுப்பில். என்னைவிட எட்டு வயது இளையவன், வரலாறு படித்தவன், தாளாளரின் அக்கா மருமகன் அருள்முருகன் – அவன் சுழல் நாற்காலியில்.

கூப்பிட்டனுப்பினான். வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வருகிறாராம். தட்பவெப்பத்துக்கு ஏற்ப விலங்குகள் எப்படி வாழ்கின்றன என்ற பாடத்தைப் பார்ப்பாராம்.

"நோட்ஸ் மட்டும் ஒரு பக்கம் எழுதிக் குடுங்க சார். கிளாஸை நானே எடுத்துக்கறேன்."

பாராட்டையும் அவனே எடுத்துக்கொள்வான்.

15.7.2025

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒட்டகத்தின் நீண்ட இமைமயிர், கோடையில் மண்ணுக்குள் புதைந்து உறங்கும் தவளை – எல்லாம் சுத்தம். கடைசி வரி மட்டும் இப்படி: 'துருவக்கரடி வருவதைப் பார்த்தால் பென்குயின்கள் நெருங்கி நின்றுகொள்ளும்.'

கரடி வடதுருவம். பென்குயின் தென்துருவம். இரண்டும் சந்திக்க வேண்டுமானால் ஒன்று பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். வரலாற்றுக்காரனுக்கு இது எங்கே தெரியப்போகிறது? அதிகாரிக்கு முன்னால் அவன் இதை வாசிப்பதை நினைத்துப் பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து ஸீட் அம்மாள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

16.7.2025

நாசமாப் போச்சு.

ஜெராக்ஸ் எடுத்து முப்பத்தெட்டு பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டான். கீழே கொட்டை எழுத்தில், 'தயாரிப்பு: திரு. கொளஞ்சியப்பன், எம்.எஸ்சி., எம்.ஃபில்.' எப்பவும் என் பேரை முழுங்குறவன் இன்னைக்கு மட்டும் ஏன்டா போட்ட?

என் பாடத்தில் இதுவரை யாரும் பிழை கண்டதில்லை. எனக்கென்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

17.7.2025

"அச்சு சரியில்லை, தாளைத் திருப்பித் தாங்க" என்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன்.

"பரவால்ல சார், மனப்பாடம் பண்ணிட்டோம்!" கரடி வரியை ஒரே குரலில் ஒப்பித்தார்கள். வேறு எதையும் இவ்வளவு வேகமாக இவர்கள் படித்ததில்லை.

வேறு வழி? அருள்முருகன் அறைக்குப் போனேன். அந்தக் கடைசி வரி, என்று இழுத்தேன்.

"தெரியும் சார்." ஃபைலிலிருந்து தலையே நிமிரவில்லை. "எம் பொண்ணு ரெண்டாங்கிளாஸ். பென்குயின் கார்ட்டூன் பாக்குறவ. அவளே விழுந்து விழுந்து சிரிச்சா."

"தெரிஞ்சுமா பேரு போட்டே... போட்டீங்க?"

"நேத்தே வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நாளைக்குக் கிளாஸை நீங்களே எடுத்துடுங்க சார். பேரு உங்களுதுதானே."

பாவி. முதல் தடவையாக அவன் மேல் கொஞ்சம் மதிப்பு வருகிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

18.7.2025

அதிகாரி கடைசி பெஞ்சில். கையில் தாள். அவர் விரல் கடைசி வரியில் நின்றதைப் பார்த்தேன். முந்திக்கொண்டேன்.

"இந்தத் தாள்ல ஒரு தப்பு இருக்கு. யார் கண்டுபிடிச்சீங்க?" – ஏதோ நானே வைத்த பரீட்சை போல.

எல்லாத் தலையும் தாளில் கவிழ்ந்தது. பிறகு, லப்பைக்குடிகாட்டிலிருந்து வரும் ஷைமா எழுந்தாள்.

"கரடியும் பென்குயினும் ஒரே எடத்துல இருக்காதுங்க சார். குடுத்த அன்னிக்கே தெரியும்."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"நீங்க எழுதுனதாச்சே சார். சொன்னா திட்டுவீங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். "தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தர்றீங்களா? புதுசா இருக்கே!"

"ஆமாங்கய்யா, மாசம் ஒண்ணு. சாரோட ஏற்பாடு" என்றான் வாசலில் நின்ற அருள்முருகன், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

தப்பித்தேன். பாராட்டும் எனக்கே. ஆனால் அந்தப் பெண் சொன்னது... திட்டியிருப்பேனா?

திட்டியிருப்பேன்.

8.8.2025

வாக்குக் கொடுத்தது அவன், எழுதுவது நான். இந்த மாதத் தாளில் ஒரு பிழை வைத்தேன். ஷைமா இரண்டு கொண்டுவந்தாள்.

"நாய்க்கு வேர்வைச் சுரப்பியே கெடையாதுன்னு எழுதியிருக்கீங்க சார். வெயில் நேரத்துல வராண்டா நாய் எந்திரிச்சுப் போனா, தரையில கால் தடம் ஈரமா இருக்கு."

அந்த இரண்டாவது பிழையை நான் வைக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டினேன். நாய்க்குப் பாதத்தில் சுரப்பி உண்டு. இத்தனை வருடமாகத் தவறாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வகுப்பையே வராண்டாவுக்குக் கூட்டிப்போனேன். நாயை எழுப்பினோம். சிமெண்டுத் தரையில் நாலைந்து ஈரத் தடங்கள். முப்பத்தெட்டு பேரும் நானும் குனிந்துகொண்டிருந்தபோது அருள்முருகன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சீக்கிரம் வாங்க சார்," என்று கூப்பிட்டேன். "என் தப்பு காயறதுக்குள்ள பாத்துடுங்க."