அத்தையின் இரண்டு விரல்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதல் மசாஜ். செவ்வாயும் வெள்ளியும் வீட்டுக்கே ஆள் வரும். டாக்டர் சொல்லி வாய் மூடுவதற்குள் என் வீட்டுக்காரர் ஏற்பாடு செய்துவிட்டார். என் கழுத்து வலிக்கு ஒரு தைலம் வாங்கிவர இரண்டு வருடமாக நேரமில்லை அவருக்கு. அம்மா என்றதும் நேரம் எங்கிருந்தோ வந்து குதித்துவிட்டது. இருக்கட்டும்.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கால் தேறிவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சு ஒன்றிரண்டு சொல்லாக வருகிறது. வலது கைதான் மரக்கட்டை. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது எல்லாம் நான். மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். அந்தக் கை வந்தால்தான் நான் கடைக்குத் திரும்ப முடியும். ஆகவே எனக்கும் அது வேண்டும். வேண்டுமா?

தெரபிஸ்டுக்கு முப்பது வயது இருக்கும். கைகளை வெந்நீரில் வைத்துச் சூடாக்கித் துடைத்துவிட்டுத்தான் கிட்டே போனாள். "அம்மா, இப்போ தோள்ல கை வைக்கப் போறேன்." வைத்தாள். "இப்போ முழங்கைக்கு வர்றேன்." வந்தாள். சொல்லாமல் ஒரு இடத்தையும் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். "திடீர்னு தொட்டா உடம்பு பயந்து இறுகிக்கும்க்கா. சொல்லிட்டுத் தொட்டா விட்டுக் கொடுக்கும்."

அத்தை அழுதார். சத்தமே இல்லை, கண்ணீர் காதுக்குள் இறங்கியது. "அம்மா அழுது நான் பார்த்ததே இல்ல" என்று இவர் உருகிப்போனார். எப்படிப் பார்த்திருப்பார்? அழவைப்பதற்கென்று வீட்டில் ஒருத்தர் இருந்தால், அழுவதற்கு வேறு ஆள் போட்டிருப்பார்கள்.

மார்ச் 6, வெள்ளி

கை அப்படியே இருக்கிறது. நான் நன்றாகத் தூங்குகிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்?

கல்யாணமாகி முதல் வாரம். வீடு நிறைய விருந்தாளிகள். அத்தை சிரித்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்று தோளை அணைத்துக்கொண்டார். ஜாக்கெட் கைக்குக் கீழே, உள்பக்கத்துச் சதையை இரண்டு விரலால் பிடித்துத் திருகினார். கண்ணில் பூச்சி பறந்தது. காபி தம்ளர்களை நான் தப்பாக அடுக்கியிருந்தேனாம். "மருமகளை எவ்ளோ பாசமா புடிச்சிருக்காங்க பாரு" என்று எதிரே ஒரு அம்மாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் அதுவே வழக்கம். உப்பு கூடினால், சத்தமாகச் சிரித்தால், அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றால். திட்ட மாட்டார். குரலே உயராது. அக்கம்பக்கத்தில் தங்கமான மாமியார் என்று பேர். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மட்டும் நகம் வளர்ப்பார்.

இவரிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். "அம்மா விளையாட்டா கிள்ளுவாங்க. அது செல்லம். என்னையும்தான் சின்ன வயசுல கிள்ளியிருக்காங்க." அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

மசாஜ் வேலை செய்கிறது, பொய் சொல்லக்கூடாது. தூக்க மாத்திரை இல்லாமல் தூங்குகிறார். இறுகிக் கிடந்த தாடை தளர்ந்துவிட்டது. முகம் குழந்தை முகமாகிவிட்டது. இன்று என்னைப் பார்த்து, "சாப்... டியா?" என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவை! சமையலறைக்கு ஓடிவந்துவிட்டேன்.

"மனசுல இருக்கறதெல்லாம் சதைலதான்க்கா முடிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கும். அவிழ்த்துவிட்டா ஆளே மாறிடுவாங்க" என்கிறாள் தெரபிஸ்ட். மாறட்டும். ஆனாலும் கேட்கிறேன் — கிள்ளினவருக்கு வருடல், கிள்ளு வாங்கினவளுக்குப் பாத்திரம். இது என்ன கணக்கு?

மார்ச் 20, வெள்ளி

அத்தை பாதியிலேயே தூங்கிவிட்டார். தெரபிஸ்ட் என்னைப் பார்த்து, "கழுத்தைத் திருப்பாம உடம்பையே திருப்புறீங்களேக்கா, உக்காருங்க" என்றாள். வேண்டாம் என்றேன். "தோள்ல கை வைக்கலாமா?"

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தலையை ஆட்டினேன்.

கழுத்துக்குக் கீழே ஒரு இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு சும்மா இருந்தாள். உள்ளே ஏதோ மெதுவாக இளகியது. "கைக்கு வர்றேன்" என்றாள். வந்ததும் துள்ளி எழுந்துவிட்டேன், தம்ளர் கவிழ்ந்தது. அவள் ஜாக்கெட் கையைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தாள். தழும்புகள், சோடி சோடியாக, பிறை வடிவில்.

"என்னக்கா இது?"

"கதவு இடிச்சிடுச்சு."

"கதவுக்கு ரெண்டு விரல் இருக்கா?"

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அவள் ஒரு கையை மட்டும் என் முதுகில் வைத்திருந்தாள். சாயங்காலம் தெருவில் யாரோ கூப்பிட்டார்கள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். கழுத்தை!

மார்ச் 31, செவ்வாய்

விரல் அசைகிறது. இனி பயிற்சி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பொருளைப் பிடித்துவிட்டால் பாதி மலை ஏறியாயிற்றாம். அதற்குத் துணி மாட்டுகிற கிளிப் வேண்டுமாம், அழுத்தி அழுத்தித் திறக்க. இவர் கலர் கலராக ஒரு பை நிறைய வாங்கிவந்து அம்மா மடியில் கொட்டினார். நான் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உலகத்தில் எத்தனையோ பயிற்சி இருக்க, இதுவா?

எனக்கும் ஒரு வேலை. காலையும் மாலையும் இளஞ்சூட்டு எண்ணெய் தேய்த்து, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட வேண்டும். "இதை விட்டுட்டா கை உள்ள மடங்கிடும்க்கா. அப்புறம் நான் வாரம் ரெண்டு நாள் வந்து ஒண்ணும் கிழிக்க முடியாது." தேய்க்கிறேன். ஒழுங்காகத்தான் தேய்க்கிறேன். "சாப்டியா" என்று கேட்ட வாய்க்காக.

ஏப்ரல் 8, புதன்

ஜாக்கெட் மாட்டிவிடக் குனிந்தேன். கை வந்தது. மெதுவாக, நடுங்கிக்கொண்டே, என் கைக்கு அடியில் போய்ச் சரியாக அதே இடம். எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. ஆனால் என் உயிர் போய் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கிறார். சிரிக்க முடிந்த பாதி வாயால் சிரிக்கிறார். "வரு... து" என்றார்.

நான் தேய்ச்ச கை. நான் நீட்டிவிட்ட விரல். நானே எண்ணெய் போட்டுத் தீட்டிக் குடுத்திருக்கேன் பாரு, என்னைச் சொல்லணும்!

இவர் வந்ததும் சொன்னேன். பழைய கதையையும் சேர்த்துச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "நிஜமாவா? கிள்ளினாங்களா? அந்த அளவுக்குப் பலம் வந்துடுச்சா?" கண் கலங்கிவிட்டது அவருக்கு. உடனே தங்கைக்குப் போன். "அம்மா உங்க அண்ணியைக் கிள்ளிட்டாங்க!" அந்தப் பக்கம் நாத்தனார் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. அம்மா கன்னத்தில் முத்தம் கொடுத்தார். "எங்கேம்மா, இன்னொரு தடவை கிள்ளிக் காட்டுங்க" என்று என் கையை இழுத்து நீட்டினார்.

நீட்டினார்.

ஏப்ரல் 10, வெள்ளி

தெரபிஸ்டிடம் சொன்னேன். எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நல்லா வர்ற கையை நான் பாதில விட முடியாதுக்கா. அது என் தொழிலுக்குப் பண்ற துரோகம்."

"தெரியும்மா" என்றேன். அவள் செய்யட்டும், அவள் வேலையை.

ஏப்ரல் 11, சனி

காலையில் தேய்க்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

"வீட்ல பயிற்சி நடக்குதாக்கா?"

"நடக்குதே."

அவள் அத்தையின் விரல்களைப் பார்த்தாள். அப்புறம் என் ஜாக்கெட் கையைப் பார்த்தாள்.

ஏப்ரல் 29, புதன்

கண்ணாடிக் கடையில் என் இடத்துக்கு வேறு பெண்ணை எடுத்துவிட்டார்களாம். முதலாளியே போன் செய்து வருத்தப்பட்டார். நல்ல மனிதர். கடையில் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தைச் சரிசெய்து காதில் மாட்டும்போது ஜனங்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், எனக்கு அது பிடிக்கும். போகட்டும்.

மே 8, வெள்ளி

அத்தை மகனிடம் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், துணி மடித்துக்கொண்டு. "தேய்... க்கல. இவ... தேய்க்கல."

"காலைலதானே தேய்ச்சேன் அத்தை? அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்றேன். குரலை உயர்த்தவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னேன்.

இவர் அம்மா தலையைத் தடவிக்கொடுத்தார். "அம்மா, அவ வேலையை விட்டுட்டு உங்களுக்காகத்தான் வீட்ல கிடக்குறா. இப்படிச் சொல்லலாமா?" வெளியே வந்து என்னிடம், "ஞாபகம் தப்புது போல. நீ மனசுல வச்சுக்காதே" என்றார். வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பல வருடம் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

மே 22, வெள்ளி

கை மடங்கிவிட்டது. இறுக்கிய முஷ்டி. டாக்டர், "சிலருக்கு இவ்ளோதான் வரும்" என்று சொல்லிவிட்டாராம். ஆனாலும் மசாஜை நிறுத்த இவருக்கு மனசில்லை. அத்தைக்குத் தோளும் முதுகும் பிடித்துவிட அரை மணி போதும் என்கிறாள் தெரபிஸ்ட். மீதி அரை மணி எனக்கு. இவரே சொன்னார், "நீயும் பண்ணிக்கோ, பாவம்." அத்தையின் கட்டிலுக்கு எதிரேதான் விரிப்பு. கழுத்து முழுசாகத் திரும்புகிறது. பசி எடுக்கிறது. பாத்திரம் கழுவும்போது பாடுகிறேனாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

"கைக்கு வர்றேன்க்கா" என்றாள் இன்று. "வா" என்றேன். துள்ளவில்லை.

கிளம்பும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "முஷ்டிக்குள்ள நகம் குத்தும்க்கா. வெட்டிவிடுங்க."

அவள் போனபின் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் பிறை பிறையாக இருக்கிறது. ஒன்றில் ரத்தம். அத்தை வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. விரல்களை மறுபடி மடக்கி வைத்தேன்.

நகவெட்டி மேசை இழுப்பறையில் இருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம்.